சரக்கிருப்பும் கணனியும்

வணிகர்க்குச் சரக்கிருப்பு மிகினும் இடர், குறையினும் இடர். மிகின் பண்டம் பழுதுற்று முதல் முடங்கும். குறையின் வாங்க வந்தோர் வெறுங்கையராய் மீள்வர்.

இவ்விடரைத் தணிக்கக் கணனியின் துணையை முதலில் நாடியோருள் இங்கிலாந்தின் லயன்ஸ் நிறுவனத்தார் குறிப்பிடத்தக்கவர். 1951 இல் 'லியோ' என்னும் கணனியைத் தம் அலுவலில் ஈடுபடுத்திய அவர்கள், 1954 இல் தம் தேநீர்ச்சாலைகளுக்குப் பண்டம் வழங்கும் கணக்கையும் அதனிடம் ஒப்படைத்தனர். ஒவ்வொரு சாலைக்கும் நிலையான கட்டளையொன்று வகுக்கப்பட்டிருந்தது. சாலைப் பொறுப்பாளர் வேண்டிய மாற்றத்தை மட்டும் தொலைபேசியில் அறிவிப்பார்; அது துளையட்டையிற் பதிவாகும். எஞ்சிய கணக்கைக் கணனி முடிக்கும்.

இன்றைய பேரங்காடிகளிற் கணனி, கடந்தகால விற்பனையை ஆராய்ந்து, வாங்கவேண்டிய அளவையே முன்மொழிகின்றது. எனினும், அடுத்த தெருவில் நாளை விழாவென்பதைப் பிறர் உணர்த்தாவிடின் அஃது அறியாது. அதனை அறிந்த பொறுப்பாளர் திருத்துதற்கு இடமளிக்கும் முறையே சிறந்ததாகும். லியோவின் தொலைபேசி அழைப்பு உணர்த்தும் பாடம் இதுவே.