குத்துவிளக்கும் எண்பது மதிப்பெண்ணும்

புதுச்சேரியில் கடலூர் பஸ் ஏறினால், தவளக்குப்பம் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் கிருமாம்பாக்கம். ஒரு பக்கம் மருத்துவக் கல்லூரி, இன்னொரு பக்கம் பொறியியல் கல்லூரி என்று பெரிய பெரிய நுழைவாயில்கள். பாகூர் கொம்யூன் கிராமத்துப் பிள்ளைகள் அரசுப் பள்ளிக்குப் போகும்போதும் வரும்போதும் பார்க்கிற காட்சி இது. மருத்துவக் கல்லூரி வாசலுக்குள் மாணவராக நுழைய நீட் எழுத வேண்டும். நீட் கேள்விகள் பெரிதும் என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தை ஒட்டி வருபவை. புதுச்சேரியின் அரசுப் பள்ளிகள் தமிழ்நாட்டின் சமச்சீர் பாடத்திட்டத்தை விட்டு சி.பி.எஸ்.இ.க்கு மாறியதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் இதுவும் ஒன்று.

புதுச்சேரிக்கென்று சொந்தக் கல்வி வாரியம் இருந்ததில்லை. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டம், மாகே கேரளப் பாடத்திட்டம், ஏனாம் ஆந்திரப் பாடத்திட்டம் என்று ஒரே அரசின் கீழ் மூன்று வழிகள் இருந்தன. அதற்கும் முன்னால் பிரெஞ்சுக்காரர் காலத்தில் ‘பிரெவே’ என்ற பள்ளிச் சான்றிதழுக்குப் படித்த தலைமுறை. பாடத்திட்டம் மாறுவது இந்த ஊருக்குப் புதிதல்ல. இந்த முறை மாறிய விதம்தான் புதிது.

தொடக்க வகுப்புகளில் ஏற்கெனவே சி.பி.எஸ்.இ. பாடம் இருந்தது. 2023-24ஆம் கல்வியாண்டில் 6, 9, 11 உள்ளிட்ட வகுப்புகளுக்கு வந்தது. அடுத்த ஆண்டு மற்ற வகுப்புகளுக்கும். 2025இல் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் முதல்முறையாக சி.பி.எஸ்.இ. பொதுத்தேர்வு எழுதினார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். அன்று பத்தாவது எழுதியவர்கள் ஆறாவது முதல் எட்டாவது வரை சமச்சீர். பன்னிரண்டாவது எழுதியவர்கள் ஆறாவது முதல் பத்தாவது வரை சமச்சீர், கடைசி இரண்டு வருடம்தான் புதிய புத்தகம். ஆறாவதில் புதிதாகத் தொடங்கிய பிள்ளைக்குப் படிக்கட்டு இருந்தது. ஒன்பதிலும் பதினொன்றிலும் சேர்ந்த பிள்ளைகளை நேராக மாடியில் கொண்டுபோய் விட்டார்கள்.

சமச்சீர் புத்தகம் மட்டம் என்பதில்லை. 2018இல் தமிழ்நாடு கொண்டுவந்த புதிய பாடநூல்களில், முக்கியமாகப் பதினொன்றாம் வகுப்பு அறிவியலில், நல்ல உழைப்பு இருந்தது. கெடுத்தது தேர்வு. ‘புக் பேக்’ கேள்விகளையும் கைடையும் ‘மினிமம் மெட்டீரிய’லையும் மனப்பாடம் செய்தால் பாஸ் என்றிருக்கும்போது, நடுப்பக்கங்களை யார் புரட்டுவார்கள்? நானும் ஒன்வேர்டும் ஸ்லிப் டெஸ்டுமாக வளர்ந்தவன்தான். அமிலம், காரம் வேறுபாட்டை அட்டவணை போட்டு ஐந்து மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். இன்றைக்கும் அந்த அட்டவணை மறக்கவில்லை. அது எதற்கு என்று மட்டும் அன்று தெரியாது.

அதே பாடத்தில் இப்போது எப்படிக் கேட்கலாம் என்று நானே ஒரு கேள்வி எழுதிப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கிறார்கள், களிம்பு போய்ப் பளிச்சென்று ஆகிறது. ஏன்? புளி இல்லையென்றால் எலுமிச்சை உதவுமா? ஆப்ப சோடாவைத் தனியாகப் போட்டால் இதே மாதிரி களிம்பு கரையுமா? களிம்பு காரத்தன்மை கொண்ட செம்புச் சேர்மம், புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம் என்ற இரண்டு இழைகளையும் பிள்ளை தானே முடிச்சுப் போட வேண்டும். அட்டவணை இங்கே கைகொடுக்காது. சி.பி.எஸ்.இ. இதைத் திறன் சார்ந்த வினா என்கிறது. 2023-24 முதல் 9, 10ஆம் வகுப்பு வினாத்தாளில் பாதி இந்த வகை. பன்னிரண்டாவதுக்கும் அடுத்த ஆண்டே 50 சதவீதமாக உயர்ந்தது.

அப்படிக் கேட்க வேண்டுமென்றால் அப்படி நடத்தியிருக்க வேண்டும். இருபது வருடம் மாநிலப் பாடத்திட்டத்துக்கு வினாத்தாள் எடுத்துப் பழகிய ஆசிரியருக்கு இது லேசான காரியமில்லை. ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி என்பது சி.பி.எஸ்.இ. விதி. ஆனால் பயிற்சியில் உட்கார்ந்து கேட்பது வேறு, நாற்பது பிள்ளைகள் முன்னால் புளியையும் செம்புச் சொம்பையும் கொண்டுவந்து வைப்பது வேறு. இதற்கிடையில் என்.சி.இ.ஆர்.டி. தன் புத்தகங்களையே மாற்றிக்கொண்டிருக்கிறது. 2024இல் 3, 6 வகுப்புகளுக்கு. 2025இல் 4, 5, 7, 8 வகுப்புகளுக்குப் புதியவை வந்தன. ஆறு முதல் எட்டாவது வரை கணக்குப் புத்தகத்தின் பெயர் இப்போது ‘கணித பிரகாஷ்’. பழைய புத்தகத்துக்கு ஆசிரியர் எழுதி முடித்த பாடக்குறிப்பு அதோடு போச்சு.

எனக்கு அதைவிட உறுத்துவது இன்னொரு கணக்கு. பத்தாம் வகுப்பில் பொதுத்தேர்வுக்கு 80, பள்ளியிலேயே போடும் அகமதிப்பீட்டுக்கு 20. பருவத் தேர்வு, பலவகை மதிப்பீடு, பிள்ளையின் பணித் தொகுப்பு, பாடச் செயல்பாடு என்று நான்கு ஐந்துகள். தேர்ச்சிக்கு இரண்டும் சேர்ந்து 33 போதும். பள்ளி முழு இருபதையும் போட்டுவிட்டால் பொதுத்தேர்வில் 80க்கு 13 எடுத்தாலே பாஸ். விதி அனுமதிப்பதுதான், யாரையும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வகுப்பறையில் நடப்பதைத் தேர்வோடு சேர்த்துக் கட்டவேண்டிய முடிச்சு அந்த இருபதில்தான் இருக்கிறது. பிள்ளை எங்கே தடுக்கி விழுந்தது, மறுபடி எழுந்ததா என்று ஆசிரியர் பார்த்துப் போட்டால் அது மதிப்பீடு. மார்ச்சில் ஒரே பேனாவில் எல்லாருக்கும் பத்தொன்பது, இருபது என்று நிரப்பினால் அது பதிவேடு. தேர்ச்சி விழுக்காடு உயரும். குத்துவிளக்குக் கேள்விக்கு முன்னால் பிள்ளை அப்படியே நிற்கும்.

பள்ளி நடத்துவது இந்த மண்ணுக்குத் தெரியாத வித்தையா என்ன! பாகூரில் கிடைத்த செப்பேடு ஒன்று, ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில் இங்கிருந்த வித்யாஸ்தானம் என்னும் கல்விக்கூடம் நடப்பதற்காக மூன்று ஊர்கள் தானமாகக் கொடுக்கப்பட்டதைச் சொல்கிறது. எதைப் படிப்பது என்பதோடு, படிப்பிக்கிறவர் வயிறு எப்படி நிறையும் என்றும் யோசித்திருக்கிறார்கள். இன்றைக்கும் ஒவ்வொரு பாடத்துக்கும் ஆசிரியர் இருக்கிறாரா, காலியிடமா என்ற கேள்வியைத் தாண்டித்தான் பாடத்திட்டப் பேச்சே வரவேண்டும்.

கடைசியாக மொழி. என்.சி.இ.ஆர்.டி. அறிவியல் புத்தகம் தமிழில் கிடையாது. பாகூர்ப் பக்கத்து வீட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்குத் தேய்க்கிற பள்ளிப் பெண்ணைக் கேட்டால், புளிப்பு களிம்பை எடுத்துடும், சோடா எடுக்காது என்று கையில் நார் இருக்கும்போதே சொல்லிவிடுவாள். புளியைத் தேய்த்ததும் சட்டென்று அலசிவிட வேண்டும், ஊறவிட்டால் விளக்கு கறுத்துப்போகும் என்பதுகூட அவளுக்குத் தெரியும். தேர்வு அறையில் அதையே ஆங்கிலத்தில் மூன்று வரி எழுத வேண்டும். களிம்புக்கு ஆங்கிலத்தில் என்ன சொல் என்று பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.