பழைய கணினி இதழ்கள்: தாளா, மின்னிலக்கமா?

1980களில் வீட்டுக் கணினியில் புதிய விளையாட்டு வேண்டுமென்றால் பலர் என்ன செய்தார்கள் தெரியுமா? ‘கம்ப்யூட்!’ போன்ற அமெரிக்க இதழ்களில் அச்சான நிரலைப் பார்த்து, வரி வரியாகத் தட்டச்சு செய்தார்கள். அந்த இதழ்களைத் தாளாகவே காப்பதா, மின்னிலக்கப் படிகளாக மாற்றுவதா?

தாளைப் படிக்கக் கருவி எதுவும் வேண்டாம். ஆனால், மலிவான தாளில் லிக்னின் எனும் மரப்பொருள் உள்ளது. ஒளியும் காற்றும் பட்டால் அது பழுப்பாகும். தாளிலுள்ள அமிலம் செல்லுலோஸ் இழைகளைச் சிதைக்க, பக்கம் நொறுங்கும். நம் நாட்டு ஈரப்பதத்தில் பூஞ்சையும் சேர்ந்துகொள்ளும்.

மின்னிலக்கப் படியில் எதையும் நொடியில் தேடலாம். ஆனால், வருடிய படத்தை எழுத்தாக மாற்றும் மென்பொருள் சில வேளைகளில் சுழியத்தை ஆங்கில ‘ஓ’ எனப் படித்துவிடும். கதையில் அது சிறு பிழை. நிரலிலோ விளையாட்டே இயங்காது. வன்தட்டும் ஒருநாள் பழுதாகும்.

இதற்கொரு தீர்வு அந்த இதழ்களிலேயே இருந்தது! ‘கம்ப்யூட்!’ நிரலின் ஒவ்வொரு வரியுடனும் ஒரு சரிபார்ப்பு எண்ணை அச்சிட்டது. நீங்கள் தட்டிய வரிக்குக் கணினி கணக்கிடும் எண் அதனுடன் பொருந்தாவிட்டால், எங்கோ பிழை. இன்றைய மின்காப்பகங்களும் ஒவ்வொரு கோப்புக்கும் இத்தகைய எண்ணைக் குறித்துவைக்கின்றன. பின்னாளில் எண் மாறினால், கோப்பு சிதைந்துவிட்டது என்று பொருள். வேறிடத்திலுள்ள நல்ல படியிலிருந்து அதை மீட்பார்கள்.

ஆனால், வருடும்போதே விடுபட்ட பக்கத்தை அந்த எண் காட்டிக்கொடுக்காது. அதற்கு மூல இதழ் வேண்டும். அப்படியென்றால், வருடி முடித்ததும் தாளை வீசிவிடலாமா, மாணவர்களே?