யானைத் தடமும் சுற்றுலாப் பாதையும்

நிலத்தை வகுத்த தொல்காப்பியர் மரம், விலங்கு, பறவை, மாந்தர் தொழில் ஆகியவற்றைக் கருப்பொருள் என ஒருங்கே வைத்தார். அவற்றுள் ஒன்று நிலைகுலைந்தால் ஏனையவும் குலையும் என்பதை இன்று நீலகிரியில் கண்கூடாகக் காண்கிறோம்.

1819ஆம் ஆண்டில் கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் நீலகிரிக்குச் சென்ற காலத்தில் மலைப்பயணம் சிலருக்கே இயல்வதாக இருந்தது. 1908இல் மலைரயில் உதகையை எட்டியது. பின்னர்ப் பேருந்துகளும் சீருந்துகளும் பெருகின. நகர நெரிசலில் சலித்தோர் ‘இயற்கைச் சுற்றுலா’வை நாடி மசினகுடிப் பக்கம் திரும்பினர். அவர்களுக்காகக் காட்டை ஒட்டி விடுதிகள் பல எழுந்தன.

அவ்விடம் எத்தகையது? தெற்கே நீலகிரியின் செங்குத்துச் சரிவு. வடக்கே மோயாற்றின் ஆழ்ந்த பள்ளம். இவற்றிற்கு இடைப்பட்ட சீகூர்ப் பகுதி, முதுமலைக் காட்டையும் சத்தியமங்கலக் காட்டையும் இணைக்கும் இயற்கைப் பாலமாகும். நாளொன்றுக்கு நூறு கிலோவுக்கு மேல் தீனி உண்ணும் யானை ஓரிடத்தே தங்கி வாழ இயலாது. மழையையும் மேய்ச்சலையும் தொடர்ந்து நடந்தே ஆகவேண்டும். அதன் வழியில் மின்வேலியும், இரவு விளக்கும், கேளிக்கை ஒலியும் குறுக்கிட்டால் அது எங்கே செல்லும்? ஊருக்குள் நுழைகிறது, உழவனின் பயிர் அழிகிறது, சிலவேளை மனித உயிரும் போகிறது. விருந்தினரின் ஓரிரவு இன்பத்திற்கு விலை கொடுப்பவர் அம்மண்ணின் மக்களே.

2010இல் தமிழக அரசு இப்பகுதியில் யானை வழித்தடத்தை அறிவித்தது. 2011இல் சென்னை உயர்நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. 2018இல் உச்சநீதிமன்ற ஆணைப்படி விடுதிகள் பல முத்திரையிடப்பட்டன. 2020 அக்டோபரில் அந்நீதிமன்றமே வழித்தட அறிவிப்பை நிலைநிறுத்தியது. ஆயினும் 2021 சனவரியில், மசினகுடியில் எரியும் பொருள் வீசப்பட்டுக் காயமுற்ற யானையொன்று மாண்ட செய்தி நம் நெஞ்சைச் சுட்டது. சட்டம் வேலியாகலாம், மனம் மாறாவிடின் அவ்வேலி நில்லாது.

சுற்றுலாவே தீதென்று நாம் கூறவில்லை. அதனால் ஓட்டுநரும் வழிகாட்டியும் சிறுகடைக்காரரும் பிழைக்கின்றனர். காட்டைக் கண்டவரே காட்டை நேசிப்பர் என்பதும் மெய்யே. வேண்டுவது அளவு. 2024 மே மாதம் உயர்நீதிமன்ற ஆணையால் நீலகிரி செல்லும் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை வந்தது. 2025 கோடையில் வார நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என வரம்பும் விதிக்கப்பட்டது. அளவை நாமே அறிந்திருந்தால் நீதிமன்றம் அதனைக் கற்பிக்க நேர்ந்திராது.

மாணவர்களை மலைக்கு அழைத்துச் செல்லும் நாமும் இதில் பொறுப்புடையோமே. புறப்படுமுன் பேருந்துக்கும் உணவுக்கும் கணக்குப் பார்க்கிறோம். தங்கும் இடம் யாருடைய வழியில் நிற்கிறது என்று கேட்டோமா? இனியேனும் கேட்போம். காட்டிற்குள் நாம் விருந்தினர். வீட்டுக்காரரின் வாயிலை அடைத்துக்கொண்டு அமர்வது விருந்தினர்க்கு அழகன்று.