எருமைமேல் ஏற்றிய ஊர்வலம்

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் பெருஞ்சாலையில் உள்ளது பொம்மசந்திராத் தொழிற்பேட்டை. வேலை நாடி இங்கு வந்த தமிழர்களாகிய நாம் ஒன்றை அறிவோம். புதிய மொழியில் நாத் தடுமாறும்போது நாலு பேர் நடுவே எழும் சிறு நகைப்பும் மனத்தை வருத்துகிறது. அங்ஙனமாயின், ஊரறிய இழிவுபடுத்துவதையே தண்டனையாக ஏற்றவர் நிலை என்ன?

கி.பி. 64-இல் உரோமாபுரி தீப்பற்றி எரிந்தது. பேரரசன் நீரோ அப்பழியைக் கிறிஸ்தவர்மேல் சுமத்தினான் என்கிறார் உரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ். அவர்களுக்கு விலங்குத் தோல் போர்த்தி நாய்களை ஏவினர், சிலுவையில் அறைந்தனர், பொழுது சாய்ந்தபின் விளக்குகளாக எரித்தனர். இக்காட்சிக்கு அரசன் தன் தோட்டத்தையே திறந்துவிட்டான். ஆயினும் மக்களிடம் இரக்கமே பிறந்தது. இதனைக் குறித்தவர், கிறிஸ்தவரை வெறுத்த அவ்வாசிரியரே ஆவார்.

நம் நாட்டிலும் இத்தகைய வரலாறு உண்டு. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நட்டாலத்தில் 1712-இல் பிறந்தவர் நீலகண்ட பிள்ளை. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரிடம் பணிபுரிந்தார். 1741-இல் குளச்சல் போரில் சிறைப்பட்ட டச்சுத் தளபதி டிலனாய் வாயிலாகக் கிறிஸ்தவ சமயத்தை அறிந்தார். 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1749-இல் சிறைப்பட்டார். சமய மாற்றமே காரணம் என்பது திருச்சபை மரபு. அரசியற் காரணம் கூறும் வரலாற்றாசிரியரும் உளர்.

கைகளைப் பிணித்து, எருமைமேல் ஏற்றி, ஊர் ஊராக அவரைக் கொண்டு சென்றனர் என்றும், அடித்துப் புண்களில் மிளகாய்ப்பொடி தடவினர் என்றும் அம்மரபு கூறும். வேடிக்கை பார்க்க வந்தோரே பின்னர் அவரிடம் ஆறுதல் மொழி கேட்க வந்தனராம். 1752 சனவரி 14-ஆம் நாள் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் கல்லறை நாகர்கோவில் கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் உள்ளது. 2022 மே 15-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

ஒருவரை இழிவுபடுத்த விரும்புவோர்க்குக் கயிறும் எருமையும் மட்டும் போதா. கைகொட்டி நகைக்க ஒரு கூட்டமும் வேண்டும். உரோமாபுரியிலும் குமரி நாட்டிலும் அக்கூட்டம் மனம் மாறியபோது தண்டனை தன் நோக்கத்தை இழந்தது. இன்று நம் ஆலை வாயிலில் ஒடிசாவிலிருந்தோ அசாமிலிருந்தோ வந்த புதியவர் ஒருவர் சொல் தடுமாறி நிற்கக்கூடும். அவரைச் சூழ்ந்து நகைப்போருடன் நாம் சேராதிருப்போம். நேற்று அவ்விடத்தில் நின்றவர் நாமல்லவா?