மண் மாறும் இடம் – 9: தரைக்கு மேல் ஒரு தங்கச் சுரங்கம்

நெய்வேலியில் பக்கெட் வீல் எந்திரம் மேல்மண்ணை வெட்டுவதும், கன்வேயர் பெல்ட் அதைச் சுமந்து சென்று பழுப்பு நிலக்கரி எடுத்து முடிந்த குழியிலேயே கொட்டுவதும் சென்ற இதழில் விளக்கப்பட்டன. அதை இங்கே மீண்டும் விரிக்கத் தேவையில்லை. கோலார் தங்கவயலின் தென்பகுதியில், மாரிக்குப்பத்தை ஒட்டியுள்ள மைசூர் மைன்ஸில் ஆட்களையும் தாதுவையும் ஏற்றி இறக்கிய கூண்டு இந்த வாரத்துக்கென அறிவிக்கப்பட்டிருந்தது. ஆனால் அந்தக் கூண்டின் வாயை நெருங்குவதற்கு முன்பே, வானத்தை மறித்து நிற்கும் வெளிறிய மணற்குன்றுகள், வேண்டாத மண் எங்கே போகிறது என்று முதல் இதழிலிருந்து இத்தொடர் கேட்டுவரும் கேள்விக்கு நேரடியாக விடை சொல்வதால், அவற்றைக் கடந்து செல்ல இயலவில்லை.

ஊரார் சயனைடு மேடு என்று அழைக்கும் இக்குன்றுகள் இயற்கையானவை அல்ல. 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் பொறுப்பேற்ற பின் செழித்து, 2001 பிப்ரவரி 28இல் மூடப்படும் வரை இத்தங்கவயல் ஏறத்தாழ 800 டன் தங்கத்தை ஈந்தது. அதற்காக உடைத்து மேலே கொண்டுவரப்பட்ட பாறையோ கோடிக்கணக்கான டன். ஸ்டாம்ப் மில் எனப்பட்ட ஆலையில், உலக்கைகளைப் போல வரிசையாக எழுந்து விழும் கனத்த இரும்புத் தண்டுகள் அப்பாறையை நீரோடு சேர்த்து இடித்தன. அந்தக் குழம்பு பாதரசம் பூசிய செப்புத் தகடுகளின் மேல் ஓடும்போது, தங்கத் துகள்கள் பாதரசத்தோடு ஒட்டி ரசக்கலவை ஆயின. பின்னர் அக்கலவையைச் சூடாக்கிப் பாதரசத்தை ஆவியாக்கித் தங்கத்தைப் பிரித்தனர். எனினும் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் தகட்டில் பிடிபடாமல் மணலோடு போய்விட்டன.

அப்படித் தப்பியதைப் பிடிக்கும் வழி, 1887இல் கிளாஸ்கோவில் ஜான் ஸ்டூவர்ட் மெக்ஆர்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் காப்புரிமை பெற்ற சயனைடு முறையாகும். தனி அமிலம் எதற்கும் பொதுவாக அசையாத தங்கம், ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கும் குறைவான சயனைடு கலந்த நீரில், காற்றிலுள்ள ஆக்சிஜன் உடனிருந்தால் மெல்லக் கரைந்துவிடுகிறது. அக்கரைசலில் துத்தநாகச் சீவல்களை இட்டால், துத்தநாகம் கரைந்து தங்கம் கரும்பொடியாகப் படிகிறது. சர்க்கரையைக் கரைப்பதுபோல உலோகங்களில் மிகப் பிடிவாதமான ஒன்றைக் கரைத்து எடுக்க முடிகிறது என்பது எத்தனை முறை எண்ணினாலும் வியப்புக் குறையாத செய்தி. இதில் ஆக்சிஜனின் பங்கை வேதியியலாளர் எல்ஸ்னர் 1846லேயே வெளியிட்டிருந்தார். முறை புதியதன்று என்ற வாதம் எழுந்து, 1896இல் டிரான்ஸ்வால் நீதிமன்றம் அங்கிருந்த காப்புரிமையை ரத்தும் செய்தது. ஆய்வுக்கூடத்தில் அறியப்பட்டிருந்த ஒன்றை ஆலைக்குக் கொண்டுவந்த உழைப்புக்கு அத்தீர்ப்பு உரிய மதிப்பளித்ததாகத் தோன்றவில்லை.

தங்கம் பிரிந்தபின் எஞ்சிய மணலே இன்றைய மேடு. நெய்வேலியில் மண் திரும்பிச் செல்ல வெட்டிய குழியே காத்திருக்கிறது. இங்கே குழி என்பது பூமிக்குள் நீண்டு கிடக்கும் ஒடுங்கிய வெட்டறைகள். தூளாக்கப்பட்ட பாறை மலையாகத் தரையிலேயே தங்கிவிட்டதால், காற்றடிக்கும் மாதங்களில் அந்தப் பொடி தொழிலாளர் குடியிருப்புகளின் வீடுகளுக்குள்ளும் சோற்றுத் தட்டிலும் இறங்குகிறது. வட ஆற்காடு முதலிய பகுதிகளிலிருந்து வந்து, தலைமுறைகளாகச் சுரங்கத்தில் உழைத்த தமிழ்க் குடும்பங்கள் தங்கத்தைக் காணாமல் அதன் தூசியை மட்டும் சுவாசித்துவருவது பொறுக்கத்தக்கதன்று.

அந்தக் குப்பையே இப்போது தாது ஆகிறது. பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனத்துக்குரிய 13 மேடுகளை, ஏறத்தாழ 1,003 ஏக்கர் பரப்பில், திறந்தவெளிச் சுரங்கமாக வெட்டும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் அளித்தது. இம்மேடுகளில் சுமார் 3.3 கோடி டன் மணலும், டன்னுக்கு ஏறத்தாழ 0.7 கிராம் தங்கமும் இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. அதாவது, ஒரு துளி வீணாகாமல் எடுத்தாலும், ஒரு சவரனுக்குப் பதினோரு டன்னுக்கு மேல் மணலைக் கழுவியாக வேண்டும். வெடிவைக்கவோ இடிக்கவோ வேண்டியதில்லை, அந்த வேலையைப் பாட்டன்மார் முடித்துவிட்டனர் என்பதே இதன் இலாபக் கணக்கு.

ஆனால் இதற்கு நீர் வேண்டும். தென்னாப்பிரிக்காவில் இத்தகைய மேடுகளைக் கரைக்கப் பயன்படும் வழி, உயர்அழுத்த நீரைப் பீய்ச்சி மணலைக் குழம்பாக்கிக் குழாய்வழி ஆலைக்கு அனுப்புவதாகும். நிலக்கரிக்கு அடியிலுள்ள ஊற்றுநீர் சுரங்கத் தரையைப் பிளந்துவிடாதபடி இரவும் பகலும் நீரை இறைப்பது நெய்வேலியின் கவலை. பாலாற்றுப் பேத்தமங்கலம் ஏரியை நம்பி வளர்ந்த தங்கவயலின் கவலை இதற்கு நேர்மாறானது, நீர் போதுமா என்பது. இரண்டாம் முறை கழுவிய மணல் எங்கே கொட்டப்படும் என்பதையும் அந்த நீர்க் கணக்கோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

மைசூர் மைன்ஸின் கூண்டும், அதன் இரும்புக் கயிறும், 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து வந்து தங்கவயலின் எந்திரங்களை ஓட்டிய மின்சாரமும் அடுத்த இதழில்.