நனைந்த வண்டியும் மறைந்திருக்கும் நீரும்



மறையூர் மழைமறைவுப் பகுதியில் அமைந்த ஊர். மூணாறில் மழை கொட்டும் நாளிலும் இங்கு வெயில் காய்வதுண்டு. கேரளத்தின் 44 ஆறுகளுள் கிழக்கு நோக்கிப் பாய்வன மூன்றே. அவற்றுள் ஒன்றான பாம்பாறு நம் ஊர்ப் பக்கம் ஓடித் தமிழ்நாட்டின் அமராவதியில் கலக்கிறது. இத்தகைய ஊரில் வாழும் நமக்கு, வெள்ளத்தில் வண்டி மூழ்குவது யாருக்கோ நேரும் துன்பம் என்று தோன்றலாம். ஆனால், நம் ஊர் வண்டிகள் மூணாறுக்கும் கொச்சிக்கும் கோவைக்கும் சென்னைக்கும் நாள்தோறும் செல்கின்றன. வண்டியோட்டிப் பிழைக்கும் குடும்பங்களும் நம்மிடையே பல உள்ளன. அவர்களுக்கு வண்டி கெட்டால் அன்றாட வருவாயே நின்றுவிடும்.

இரண்டு பெருவெள்ளங்கள்

2015 டிசம்பர் முதல் நாள் தொடங்கிய பெருமழையில், ஒரே நாளில் தாம்பரத்தில் ஏறத்தாழ 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அடையாற்றில் வெள்ளம் பெருகிச் சென்னையின் தெருக்களில் நின்ற வண்டிகளை மூழ்கடித்தது. 2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளக்காடானது. இடுக்கி நீர்த்தேக்கத்திற்குரிய செறுதோணி அணையின் மதகுகள் 26 ஆண்டுகளுக்குப் பின் திறக்கப்பட்டன. மூணாறையும் மறையூரையும் இணைக்கும் சாலையில் பெரியவரைப் பாலம் உடைந்தது. இவ்விரு வெள்ளங்களிலும் மூழ்கிய வண்டிகளைக் கழுவித் துடைத்தபின், வெளிப்பார்வைக்குப் பல வண்டிகள் புதியன போலவே இருந்தன. உட்புறம் இருந்த மின்னணுக் கருவிகளின் நிலை வேறு.

நீர் செய்யும் தீங்கு

தூய நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். வெள்ளநீரிலோ மண்ணும் உப்பும் சாக்கடைக் கழிவும் கரைந்திருக்கும். அந்நீர் மின்சாரத்தை எளிதாகக் கடத்தும். இரண்டு கம்பி முனைகளுக்கு இடையே அது நின்றால், மின்சாரம் தன் பாதையை விட்டு நீரின் வழியே குறுக்கே பாயும். இதனைக் குறுக்குச் சுற்று என்பர். அப்போது உருகி எரிந்து மின்னோட்டத்தைத் துண்டித்தால் வண்டி ஓரளவு தப்பும்.

மற்றொரு தீங்கு மெல்ல நிகழ்வது. சாவியைத் திருப்பாதபோதும் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து கடிகாரம், கதவுப் பூட்டு போன்ற சில கருவிகளுக்கு மின்சாரம் சென்றுகொண்டே இருக்கும். நனைந்த முனைகளில் அம்மின்சாரம் நீரினூடே பாயும்போது, நேர்முனையில் உள்ள செம்பு சிறிது சிறிதாகக் கரைகிறது. அங்குப் பச்சை நிறக் களிம்பு படிகிறது. தலைமயிரினும் மெல்லிய மின்பாதைகள் அறுந்துபோகின்றன. ஆகவேதான் முதல் நாளில் நன்றாக இயங்கிய வண்டி, சில வாரங்கள் கழித்துக் காரணம் தெரியாமல் நின்றுபோகிறது.

விளக்குத் திரியில் எண்ணெய் மேலேறுவதைக் கண்டிருப்பீர்கள். மின்கம்பியும் பல மெல்லிய இழைகள் சேர்ந்ததே. ஒரு முனை நீரில் கிடந்தால், அந்த இழைகளின் இடைவெளி வழியே நீர் ஊர்ந்து, நனையாத இடத்தில் உள்ள கருவியையும் சென்றடையக்கூடும்.

தாழ்ந்த இடத்தில் உயர்ந்த பொருள்

வண்டியின் தரைவிரிப்புக்கு அடியில் கம்பிக் கற்றைகள் செல்கின்றன. இருக்கைகளின் அடியில் இருக்கைப் பட்டைக்கும் காற்றுப்பைக்கும் உரிய இணைப்புகள் உள்ளன. காற்றுப்பையை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி, பல வண்டிகளில் முன்னிருக்கைகளுக்கு நடுவே தரையோடு பொருத்தப்பட்டிருக்கும். எனவே, கணுக்கால் அளவு நீர் உள்ளே புகுந்தாலே உயிர்காக்கும் கருவி நனையலாம். பாட்டுப் பெட்டி பாடாவிட்டால் இழப்பு சிறிது. மோதலின்போது காற்றுப்பை விரியாவிட்டால் இழப்பு உயிராகலாம்.

வெள்ளம் வந்தால்தான் வண்டிக்குள் நீர் புகும் என்பதில்லை. முன்கண்ணாடியின் கீழ் மழைநீர் வடியும் துளைகளைச் சருகுகள் அடைத்தாலும், குளிரூட்டியின் நீர் வெளியேறும் குழாய் அடைபட்டாலும், நீர் உட்புறம் கசியும். விரிப்பின் மேற்பகுதி உலர்ந்திருக்க, அடியில் உள்ள பஞ்சு பல நாள் ஈரம் சுமந்திருக்கும். மரநிழலில் வண்டி நிறுத்துவோர் சருகுகளை அவ்வப்போது அகற்றுதல் வேண்டும்.

செய்யத்தக்கனவும் தகாதனவும்

1. மூழ்கிய வண்டியின் சாவியைத் திருப்பிப் பார்த்தல் கூடாது. நனைந்த சுற்றுகளில் மின்சாரம் பாய்ந்து கேடு பெருகும். எஞ்சினுக்குள் நீர் புகுந்திருந்தால், அது காற்றைப்போல் அமுங்காததால் உள்ளுறுப்புகள் வளைந்தோ உடைந்தோ போகும்.
2. நீர் வடிந்தபின், பெரியோர் பேட்டரியின் எதிர்முனை இணைப்பை முதலில் கழற்றவேண்டும்.
3. மின்வண்டியாயின் அதன் ஆரஞ்சு நிறக் கம்பிகளை எவரும் தொடலாகாது. பயிற்சி பெற்றவரையே அழைத்தல் வேண்டும்.
4. எதையும் கழற்றுமுன் நீர் நின்ற உயரம் தெரியுமாறு படம் எடுத்து, காப்பீட்டு நிறுவனத்திற்குத் தெரிவித்தல் நன்று. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் உள்ள வண்டிக்கு வெள்ளச் சேதத்திற்கான இழப்பீடு கிடைக்காது.
5. வண்டியைப் பணிமனைக்கு இழுத்துச் சென்று, இருக்கைகளையும் விரிப்பையும் அகற்றி உலர்த்தவேண்டும். இணைப்புகளைத் தூய்மை செய்து ஒவ்வொன்றாகச் சோதித்தபின்னரே பேட்டரியை மீண்டும் இணைத்தல் வேண்டும்.

பழைய வண்டி வாங்கும்போது

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளைத் துடைத்து மெருகேற்றித் தொலைவில் உள்ள ஊர்களில் விற்பாரும் உளர். வாங்குவோர் இருக்கைப் பட்டையை முழுவதுமாக வெளியே இழுத்துப் பார்த்தல் வேண்டும். சேற்றுக்கறை அதன் அடிப்பகுதியில் தங்கியிருக்கும். இருக்கையின் அடியில் துரு, விரிப்பின் கீழ் வண்டல், பூஞ்சை வாடை ஆகியவையும் உண்மையைக் காட்டிக்கொடுக்கும். சாவியைத் திருப்பியதும் காற்றுப்பைக் குறியீடு ஒளிர்ந்து, சில நொடிகளில் அணையவேண்டும். அணையாமல் நின்றாலும், ஒளிராமலே இருந்தாலும் அவ்வண்டியைச் சோதிக்காமல் வாங்கலாகாது.

கண்ணுக்குத் தெரியும் நீரைத் துணியால் துடைத்துவிடலாம். தெரியாத நீரைத் தேடிக் களைவதற்குப் பொறுமையும் அறிவும் தேவை. உங்கள் வீட்டில் வண்டி இருந்தால், இப்பாடத்தில் கற்றவற்றைப் பெற்றோரிடம் இன்றே எடுத்துக் கூறுங்கள்.

சொற்பொருள்

மழைமறைவுப் பகுதி – மலை தடுப்பதால் மழை குறைவாகப் பெறும் இடம்
உருகி – மிகை மின்னோட்டத்தில் எரிந்து சுற்றைத் துண்டிக்கும் கம்பி (ஃபியூஸ்)
களிம்பு – செம்பின் மேல் படியும் பச்சைப் படிவு
காற்றுப்பை – மோதலின்போது விரிந்து பயணியைக் காக்கும் பை (ஏர்பேக்)
வண்டல் – நீர் அடித்து வந்து படியவிடும் மண்

பயிற்சி

1. முதல் நாளில் நன்றாக ஓடிய வண்டி சில வாரங்களுக்குப் பின் நின்றுபோவது ஏன்?
2. விளக்குத் திரியின் உவமை எதனை விளக்குகிறது?
3. நனைந்த வண்டியின் சாவியைத் திருப்ப முயலும் உறவினரைத் தடுத்து நீங்கள் கூறுவனவற்றை ஐந்து தொடர்களில் எழுதுக.