உர மூட்டையும் தனிம அட்டவணையும்



செம்பனைத் தோட்டங்களில் உரம் போடுகிறவர்கள், சில மூட்டைகளின் மேல் 12:12:17:2 என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பார்கள். நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம், மெக்னீசியம் ஆகிய நான்கு சத்துகளும் எவ்வளவு என்று காட்டும் எண்கள் அவை. நான்காம் படிவத்தில் பயிலும் நம் பிள்ளைகள் வேதியியல் பாடத்தில் காண்பதும் இதே பெயர்களைத்தான். அப்பா தோளில் சுமப்பதைப் பிள்ளை புத்தகத்தில் படிக்கிறது.

ஆயினும், "வேதியியல் கடினம், விட்டுவிடலாம்" என்று எண்ணும் பிள்ளைகளை ஜாசினிலும் அலோர் காஜாவிலும் நாம் காண்கிறோம். மருத்துவம், மருந்தியல் போன்ற மேற்படிப்புகளுக்கு இப்பாடம் தேவை. ஆகவே, விடுவதற்கு முன் வீட்டிலுள்ள கைப்பேசியைக் கொண்டு ஒரு முயற்சி செய்து பார்ப்போமே!

தனிம அட்டவணையைக் காட்டும் செயலிகள் பல இலவசமாகக் கிடைக்கின்றன. பிரிட்டனின் இராயல் வேதியியல் கழகமும் ஒன்றை வெளியிட்டிருக்கிறது. அட்டவணையில் மொத்தம் 118 கட்டங்கள். ஒரு கட்டத்தைத் தொட்டால், அந்தத் தனிமத்தின் அணு எண், உருகுநிலை முதலிய விவரங்கள் திரையில் தோன்றும். அத்தனையையும் மனப்பாடம் செய்யவேண்டுமா? வேண்டியதில்லை. முதலில் ஊகிக்கவேண்டும், பிறகுதான் தொடவேண்டும்.

அதை எப்படிச் செய்வது? மேலிருந்து கீழே இறங்கும் வரிசையைத் தொகுதி என்பர், மலாயில் கும்புலான். முதல் தொகுதியில் லித்தியம் ஏறக்குறைய 181 பாகை செல்சியஸில் உருகுகிறது. அதன் கீழுள்ள சோடியம் 98-இல், அடுத்த பொட்டாசியம் 64-இல். அதற்கும் கீழே ருபிடியம். அம்மா அந்தக் கட்டத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, "இது எத்தனையில் உருகும்? சொல் பார்ப்போம்" என்று கேட்கட்டும். இதற்கு அம்மா வேதியியல் படித்திருக்கவேண்டியதில்லை. 64-க்கும் குறைவு என்று பிள்ளை சொன்னால், அது பாடத்தைப் பிடித்துக்கொண்டது என்று பொருள். விடை 39. எல்லாத் தொகுதியிலும் எண்கள் இவ்வளவு ஒழுங்காக இறங்கமாட்டா. ஊகம் தவறினால், ஏன் தவறியது என்று ஆசிரியரைக் கேட்கலாம்.

இரஷ்ய அறிஞர் மெண்டலீவ் செய்ததும் இதுவே. 1869-இல் அவர் அட்டவணை அமைத்தபோது அலுமினியத்தின் கீழ் ஓர் இடம் காலியாக நின்றது. அங்கே வரவேண்டிய தனிமத்திற்கு அவர் 'ஏக அலுமினியம்' என்று பெயரிட்டார். நம் ஏகாதசியில் வருகிற அதே 'ஏக'தான்! அதன் அடர்த்தி 5.9 இருக்கும் என்றும் கணித்தார். 1875-இல் பிரான்சில் காலியம் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் அடர்த்தி 5.9. அது ஏறக்குறைய 30 பாகையில் உருகும். மலாக்கா வெயிலில் கையில் எடுக்கவும் வேண்டாம், வைத்த இடத்திலேயே உருகிவிடும்.

பிள்ளைகளைக் குழப்பும் ஒன்று உண்டு. ஆங்கிலச் செயலியில் பொட்டாசியத்தின் குறியீடு 'கே' என்றிருக்கும். சோடியத்திற்கு 'என் ஏ'. பெயருக்கும் குறியீட்டுக்கும் பொருத்தமே இல்லையே என்று தோன்றும். மலாய்ப் பாடநூலைப் பாருங்கள்: காலியும், நாத்ரியும். குறியீடு அப்படியே பொருந்துகிறது! இரும்புக்கு 'எப் ஈ', மலாயில் பெரும். ஆகவே, செயலியையும் மலாய் நூலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பது நலம்.

பொட்டாசியம் தண்ணீர் பட்டால் தீப்பற்றும் என்று செயலி சொல்லும். அப்படியானால் மழையில் நனைந்த உரம் ஏன் எரிவதில்லை? மூட்டையில் இருப்பது தனிப் பொட்டாசியம் அன்று. வேறு தனிமங்களோடு கூடிய உப்பு. தனிமம் வேறு, சேர்மம் வேறு. இந்த ஒரு கேள்வியை அப்பா கேட்டாலே ஒரு பாடம் விளங்கிவிடும்.

நேயர்களே, தேர்வு மண்டபத்தில் கைப்பேசி துணைக்கு வராது. ஆகவே நாள்தோறும் ஒரு தொகுதி, பதினைந்து நிமிடம். கண்டதை நோட்டுப் புத்தகத்தில் எழுதிவிட்டுக் கைப்பேசியை அம்மாவிடம் கொடுத்துவிடவேண்டும். இன்றிரவே தொடங்குவோம். வணக்கம்.